வண்டு ஒன்று, உயிருடன்

அரக்கன் செத்துப்போனான் என்றுதான் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்லி வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அங்கே இல்லை. ராஜகுமாரன் மட்டும் இருந்தான். அவனுக்கும் சீக்கிரம் ஊர் திரும்பிக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டியிருந்ததால், விழுந்து கிடந்தவர்களில் யார் செத்தது, யார் சும்மா படுத்திருந்தது என்று குனிந்து பார்க்க நேரமில்லை.

செத்ததாகச் சொல்லப்பட்ட அந்த அரக்கன், 1976ஆம் ஆண்டு தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், நெய்வேலியில் சுரங்க வேலைக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பனைமர உயரத்தை ஆறடியாக மடித்துக்கொண்டு வந்திருந்தான். மீதியை எங்கே வைத்தான் என்று கேட்கக் கூடாது. கோரைப் பல் இரண்டையும் வெற்றிலை போட்டு மறைத்திருந்தான். முன்னால் நின்றவர் வெயிலுக்கு ஒதுங்கி அவன் நிழலில் நின்றார். நிழலை மடிக்க அவன் மறந்துபோயிருந்தான். அது ஆபீஸ் காம்பவுண்டையும் தாண்டிக் கிடந்தது.

அரக்கன் எதற்கு வேலைக்கு வர வேண்டும்? உயிர் பிழைக்கத்தான்.

அரக்கர் குலத்தில் ஒரு வழக்கம். நாம் பிள்ளைக்குக் காது குத்துவதைப் போல, பிறந்த பத்தாம் நாள் அவர்கள் பிள்ளையின் உயிரை உடம்பிலிருந்து எடுத்து ஒரு கருவண்டுக்குள் வைத்துவிடுவார்கள். வண்டைச் செப்புப் பெட்டியில் அடைத்து, பெட்டியை ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் ஒரு கிணற்றின் அடியில் கொண்டுபோய் வைப்பார்கள். வண்டு இருக்கிற வரைக்கும் பிள்ளைக்குச் சாவில்லை. இதில் ஒரே ஒரு நிபந்தனை. தன் உயிரைத் தன் கையால் தொடக் கூடாது. தொட்டால் வண்டு அந்த நிமிஷமே சாம்பல். வேறு யாராவது மனசார எடுத்து வைத்தால்தான் பிழைக்கும்.

இவனுடைய பெட்டியில் இரண்டு வண்டுகள் இருந்தன. ஒன்று இவனுடையது. இன்னொன்று இவன் தங்கையுடையது.

இவன் ஒரு ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு வந்தது உண்மை. அதை அவனே மறுத்ததில்லை. அவள் ஒருநாள், "உங்கள் உயிர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அதுவரைக்கும் அவனை யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவனைப் பார்த்தவர்கள் கத்தினார்களே ஒழியப் பேசவில்லை. உலக்கையில் இருக்கிறது என்று முதலில் பொய் சொன்னான். அடுத்தநாள் பார்த்தால் உலக்கைக்குப் பூ சுற்றியிருந்தது. மனம் இளகிவிட்டது. கிணற்றடியைச் சொல்லிவிட்டான். அவள் ராஜகுமாரனுக்குச் சொல்லிவிட்டாள்.

ராஜகுமாரன் பெட்டியைத் திறந்தான். கைக்கு முதலில் வந்த வண்டை எடுத்து நசுக்கினான். கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த அரண்மனையில் மாவு சலித்துக்கொண்டிருந்த தங்கை, "அண்ணே" என்று பாதி சொல்லிச் சரிந்தாள். இவன் ஓடிப்போய் அவள் பக்கத்தில் விழுந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் அப்படியே கிடந்தான். கண் திறந்திருந்தது. ஓர் ஈ வந்து கருவிழிமேல் உட்கார்ந்தது. இமைக்கவில்லை. அந்தக் கண்ணால் அவன் பார்த்தது ராஜகுமாரனின் மூக்கை. இடது பக்கம் லேசாக வளைந்த மூக்கு. ராஜகுமாரன் பெட்டியை மறுபடி கிணற்றில் எறிந்து, கல்லையும் மண்ணையும் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டான்.

தங்கையைப் புதைத்துவிட்டு, மூடின கிணற்றின்மேல் போய் உட்கார்ந்தவன்தான். காலம் போயிற்று. ஆறு கடல் வற்றிவிட்டது. ஏழாவது கடல் பூமிக்குள் இறங்கி, பழுப்பு நிலக்கரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைத்தான் இன்றைக்கும் சுரங்கத்தில் விடாமல் பம்பு போட்டு இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலைகள் தேய்ந்து செம்மண்ணாகி, அதன்மேல் முந்திரி முளைத்தது. அந்த முந்திரித் தோப்புக்கு அவனே காவல், அவனே சொந்தக்காரன். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை காடாம்புலியூர்ப் பக்கம் போய், ஒரு வாரம் கழித்துத் தன் மகனாகத் திரும்பி வருவான். ஊர்க்காரர்கள், "அப்பாவ உரிச்சி வெச்ச மாதிரி இருக்குற" என்பார்கள். அதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான், சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறோம் என்று நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸ் கொண்டுவந்தவரைத் தின்றுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பழைய பழக்கம். ஆனால் யோசித்துப் பார்த்தான். இவரைத் தின்றால் இன்னொருவர் வருவார். அவரையும் தின்றால், காணாமல் போன இரண்டு பேரைப் பற்றி விசாரிக்க மூன்றாமவர் வருவார். இது ஓயாது. அதைவிடப் பெரிய விஷயம், தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்த எந்திரம். ஏழு மாடி உயரம். முன்னால் ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம். அதன் விளிம்பு முழுக்கப் பல் வைத்த வாளிகள். சுற்றச் சுற்ற அது மண்ணைக் கரும்பு மாதிரிக் கடித்துப் பின்னால் ஓடுகிற பெல்ட்டில் துப்பியது. அதை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய குலத்திலேயே இவ்வளவு பெரிய வாய் யாருக்கும் இருந்ததில்லை.

அது ஒருநாள் கிணற்றடிக்கு வரும். பெட்டி அந்தப் பல்லில் சிக்கும். நிறுத்த முடியாது. ஆனால் பக்கத்தில் இருக்கலாம். நோட்டீஸின் கடைசி வரியில், நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று போட்டிருந்தது. தங்கையை விட்டாச்சு, இதை விடறதில்லை என்று சொல்லிக்கொண்டான். மடித்த வேட்டியும் மடித்த உடம்புமாகப் புறப்பட்டுவிட்டான்.

உள்ளே மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்.

"ஏம்பா, மைன்ஸ் வேலைக்கு எதுக்கு வரணும்னு நெனைக்கிற?"

"என் உசுரே அங்கதாங்க இருக்குது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து வந்த நாற்பது பேரும் வீட்டுக் கஷ்டத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"அப்போ உசுர குடுத்து வேல செய்வேன்னு சொல்லு."

"குடுக்க மாட்டங்க. அது போவாம பாத்துக்கத்தான் வரேன்."

நடுவில் இருந்தவர், 'பாதுகாப்பு உணர்வு மிக்கவர்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

பெயர் கேட்ட குமாஸ்தாவிடம் அவன் தன் பெயரைச் சொன்னான். அதைச் சொல்லி முடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. படிவத்திலோ பன்னிரண்டு கட்டம்தான். அன்றைக்குக் கிருத்திகை; குமாஸ்தா நெற்றி நிறைய விபூதியோடு விரதத்தில் இருந்தார். "இவ்ளோ பெருசு செல்லாது" என்று சொல்லி, தன் மனசில் இருந்த பெயரை எழுதிக்கொண்டார். சிங்காரவேல். அரக்கர் குலத்தையே வேலெடுத்துக் கருவறுத்தவரின் பெயர். மறுத்துச் சொல்ல வாயெடுத்தான். உயிர் பெரிதா, பெயர் பெரிதா என்று விழுங்கிக்கொண்டான்.

மெடிக்கலில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார். இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார், குழாயை உதறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிங்காரவேல் நிலைமையைப் புரிந்துகொண்டு, கையைப் பின்னால் கட்டுகிற மாதிரிக் கட்டி, முதுகில் ஒரு விரலால் லொட்டு லொட்டு என்று தட்டினான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, "எழுபத்திரண்டு. நல்ல இதயம்" என்றார்.

வேலை பெல்ட்டில். எந்திரம் துப்புகிற மண்ணைச் சுமந்துகொண்டு ரப்பர் பெல்ட் ஆறு மாதிரி ஓடும். கொண்டுபோய்த் தூரத்தில் கொட்டும். கொட்டின மண் அங்கே மலைமலையாக நின்றது. பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற களிமண்ணை வழித்து எடுக்க வேண்டியது இவனும், காண்ட்ராக்டில் வேலை செய்த ஆரோக்கியம்மாளும். அவள் குறிஞ்சிப்பாடிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரு பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கழுத்தில் மாதா படம் போட்ட கயிறு.

முதல் நாள் அவள் மண்வெட்டியை நீட்டி, "இந்தா அண்ணே, புடி" என்றாள்.

மண்வெட்டி அவன் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. அந்த வார்த்தையைக் கேட்டுப் பல நூறு வருஷம் ஆகியிருந்தது. அதுவும் முழுசாக.

"என்னாண்ணே, காலு போச்சா?"

"காலு இருக்குதும்மா" என்றான்.

போர்மேன் இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரர். குள்ளம். ஆனால் அவர் பூட்ஸ் பெரிது. "ஏ சிங்காரவேலு, அந்தக் களிமண்ண வழிச்செடும்வே. சும்மா நின்னுக்கிட்டு எம் உசுர வாங்காதீரும்" என்பார்.

"உங்க உசுரு எனக்கு எதுக்குங்க. அத எங்க வெக்கறதுன்னு வேற பாக்கணும்" என்பான் இவன்.

மனுஷர்கள் எவ்வளவு லேசாக இந்த வார்த்தையை எடுத்துப் புழங்குகிறார்கள் என்று அவனுக்கு ஆச்சரியம். பஸ் வருவதற்குள் உசுரு போய்விடுகிறது என்கிறார்கள். கேண்டீன் பொங்கல் என்றால் உசுரு என்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்து, என் உசுரே என்கிறார்கள். இவ்வளவையும் வெளியில் போட்டுவிட்டு இவர்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள்?

பெல்ட் ஓரமாக, அதன் நீளத்துக்கும் ஒரு கயிறு கட்டியிருந்தது. இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். பெல்ட் நின்றால் எந்திரமும் நின்றுவிடும். அதற்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: 'உயிர் ஆபத்தின்போது மட்டும் இழுக்கவும்.' முதல் தடவை அதைப் படித்தபோது சிங்காரவேல் திடுக்கிட்டான். தனக்காகவே மாட்டியிருப்பதாகப் பட்டது. இசக்கிமுத்துவிடம் கேட்டான்.

"இத இழுத்தா என்னாங்க ஆவும்?"

"உசுருக்கு ஆபத்துன்னா ஒண்ணும் ஆவாது. சும்மா இழுத்தீருன்னா மெமோ. காண்ட்ராக்டு ஆளுன்னா மறுநா வரவே வேண்டாம். வெளங்குதா?"

விளங்கியது. பெட்டி பெல்ட்டில் வரும், கயிற்றை இழுக்கலாம், பெல்ட் நிற்கும். ஆனால் பெட்டியை எடுப்பது யார்? அவன் தொடக் கூடாது. யாராவது ஒருவர் மனசார எடுக்க வேண்டும். அதற்கு, உயிர் எங்கே இருக்கிறது என்று இன்னொரு தடவை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும்.

சொல்வதில்லை என்று ஒரு முடிவோடு அவன் பங்குனி, சித்திரை இரண்டையும் ஓட்டினான். வைகாசி பிறந்தபோது எந்திரம் அவனுடைய பழைய தோப்பின் வேலியைத் தின்றது. அன்றைக்கு, மண்வெட்டி பிடித்திருந்தவனின் நெஞ்சில் லொட்டென்று ஒரு சத்தம். ஒன்றே ஒன்று. அடுத்த வாரம், ஷிஃப்டுக்குப் பத்து. ஆனி வந்தபோது நெஞ்சு நிறுத்தாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. உயிர் நெருங்கி வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பெல்ட் தூணின் நிழலில் ஆரோக்கியம்மாள் அலுமினிய டிபன் பாக்ஸைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. சிங்காரவேல் கேண்டீனில் பதினாலு தட்டு முடித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். நீ சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த மண்ணுக்குள்ள ஒரு செப்புப் பொட்டி இருக்குது. அதுல என் உசுரு இருக்குது."

"பொண்டாட்டி நகையா?"

"இல்லம்மா. உசுரு."

"அண்ணே, எந்தக் கடையில குடிச்ச? பட்டப்பகல்ல இப்பிடி ஏத்தியிருக்கான்."

சிங்காரவேல் எழுந்தான். "என்கூட கொஞ்சம் வா" என்று அவளை மேட்டுக்கு அந்தப் பக்கம், எந்திரத்திலிருந்து வெகுதூரம் நடத்திக்கொண்டு போனான். நடக்க நடக்க நெஞ்சில் அடி குறைந்து, குறைந்து, நின்றது. மணிக்கட்டை நீட்டினான். ஆரோக்கியம்மாள் படுக்கையில் கிடந்த மாமியாருக்கு மூன்று வருஷம் நாடி பிடித்துப் பார்த்தவள். விரலை வைத்தாள். நகர்த்தி வைத்தாள். மறுகையை எடுத்துப் பார்த்தாள். பெல்ட் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவள் மெதுவாக நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாரு நீ?"

அவன் சொன்னான். தண்ணீர் இல்லாமலே முழுப் பெயரையும் சொன்னான். ராஜகுமாரி, உலக்கை, பூ, கிணறு, தங்கை, ஈ. எதையும் விடவில்லை.

"மனுசாள தின்னுருக்கியா?"

"தின்னுருக்கேன்."

"இப்ப?"

"கேண்டீன் இருக்குதே."

அவள் ஓடவில்லை. ஓடினால் பிடிக்க அவனுக்கு ஒரு எட்டுதான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு உன்ன காட்டிக்குடுத்துட்டாளேன்னு இத்தினி காலமா பொகைஞ்சிகினு இருக்கியே. தூக்கினு வந்து பூட்டி வெச்சா வேற என்னா பண்ணுவா? அவளுக்கு அவ வூட்டுக்குப் போவணும். நீ வழிய அடைச்சிகினு நின்ன. அவ்ளோதான்."

சிங்காரவேலுக்கு இது புதிது. இத்தனை நூறு வருஷத்தில் அந்தக் கதையை அவன் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறான். அவள் பக்கம் நின்று பார்த்ததில்லை. கோரைப் பல்லால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தான்.

"என் தங்கச்சி என்னா பண்ணா?" என்றான் கடைசியில்.

"அவ ஒண்ணும் பண்ணல" என்றாள் ஆரோக்கியம்மாள். "அது பாவந்தான்."

திரும்பி நடக்கும்போது அவளே சொன்னாள்.

"ஒண்ணு தெரிஞ்சிக்க. நான் உன்ன ஒண்ணும் கேக்கல. நீயாதான் சொன்ன. அப்பறம் கேட்டுட்டா, காட்டிக்குடுத்துட்டான்னு என்மேலயும் கத கட்டாத."

"எடுத்துக் குடுப்பியா?"

"கயிற இழுக்கறது நீயா நானா?"

"நான்தான். மெமோ எனக்கு வரட்டும்."

"அப்போ எடுக்குறேன். பொட்டி எப்ப வரும்?"

"எனக்குத் தெரியும்" என்றான் சிங்காரவேல், நெஞ்சைத் தொட்டுக்காட்டி.

ஆடி மாதம் எட்டாம் தேதி, காலை பத்தரை. நல்ல வெயில். சிங்காரவேலின் விலாவில் யாரோ கடப்பாரையை இறக்கினாற்போல இருந்தது. எந்திரத்தின் பல் பெட்டியைக் கடித்துவிட்டது. அவன் குப்புற விழுந்தான். வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வந்தது. ஆரோக்கியம்மாள், "அண்ணே, கயிறு" என்றாள். விழுந்த இடத்திலிருந்து கயிறு முப்பது அடி. மடித்து வைத்திருந்த உயரம் முழுவதையும் அவிழ்த்தான். கை ஒன்று மட்டும் பனைமரமாக நீண்டு போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தது. பார்த்தவர்கள் பிற்பாடு வெயிலில் கண் கூசியது என்றுதான் சொன்னார்கள்.

பெல்ட் நின்றது. எந்திரம் நின்றது. அந்த ஓசையிலேயே வாழ்ந்து பழகிய காக்கைகள் பயந்துபோய்க் கிளம்பின.

ஆரோக்கியம்மாள், வண்டை வைக்கவென்று காலி செய்து வைத்திருந்த டிபன் பாக்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு பெல்ட்மேல் ஏறி, களிமண்ணைக் கையாலேயே பிளந்துகொண்டு போனாள். மூன்றாவது கட்டியில் செப்புப் பெட்டி. வாய் பிளந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பதறிப் பார்த்தால், ஒரு கருவண்டு, சுண்டைக்காய் அளவு, பெல்ட் விளிம்பில் ஏறி அந்தப் பக்கம் நடைபாதையில் இறங்கி, பல நூறு வருஷம் கழித்து வெளிச்சம் பார்த்த மயக்கத்தில் நேராக நடந்துகொண்டிருந்தது. அதே நடைபாதையில் எதிர்ப்பக்கத்திலிருந்து இசக்கிமுத்து ஓடிவந்தார்.

"எவம்வே கயித்த இழுத்தது? என்னவே சங்கதி?"

வந்த வேகத்தில் காலடியில் வண்டைப் பார்த்தார். அவருக்கு அதன்மேல் ஒரு பகையும் இல்லை. பூச்சியைக் கண்டால் மிதிக்கிற கால் அது. பூட்ஸ் மேலே போனது.

சிங்காரவேல் கிடந்த இடத்திலிருந்து அந்த பூட்ஸைப் பார்த்தான். இமைக்கவில்லை. இமைத்தால் இதோடு முடிந்தது என்று தோன்றியது.

பூட்ஸ் இறங்கியபோது கீழே இருந்தது அலுமினிய டிபன் பாக்ஸ். ஆரோக்கியம்மாள் குப்புறப் பாய்ந்து அதை வண்டின்மேல் கவிழ்த்திருந்தாள். டொங்கென்று சத்தம். பாக்ஸ் நசுங்கியது. சிங்காரவேலுக்கு மூச்சு பாதியில் நின்றது. அப்புறம் வந்தது.

"பொம்பள, ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?" என்றார் இசக்கிமுத்து.

"என் சாப்பாட்டு டப்பாவ மிதிச்சிட்டு என்னைக் கேக்குறீங்களா?" என்றபடி அவள் மூடியை அடியில் நுழைத்து, அழுத்திச் சாத்தினாள். உள்ளே எதுவோ பிறாண்டியது.

அறிக்கை எழுத வேண்டும். கயிறு இழுத்த காரணம் எழுதாமல் பெல்ட்டைத் திரும்ப ஓட்ட முடியாது. இசக்கிமுத்து பேனாவைத் திறந்தார்.

"எதுக்குவே இழுத்தீரு?"

"உசுருக்கு ஆபத்துங்க."

"யார் உசுருக்கு?"

"என் உசுருக்குத்தாங்க. பெல்ட்டுல வந்துச்சி."

இசக்கிமுத்து அவனைப் பார்த்தார். வாயோரம் கறுப்பு ரத்தம், சட்டையெல்லாம் மண். ஆள் பெல்ட்டில் மாட்டி, நூலிழையில் தப்பியிருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. குரல் இறங்கிவிட்டது. 'பெல்ட்டில் வந்த தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொண்டார். உதவி: ஆரோக்கியம்மாள்' என்று எழுதினார். அந்த அறிக்கையில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. மெமோ வரவில்லை. பாதுகாப்பு வாரத்தில் சிங்காரவேலைக் கூப்பிட்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று பரிசு கொடுத்தார்கள். வாங்கிய கையோடு அதை ஆரோக்கியம்மாளிடம் கொடுத்துவிட்டான்.

ஆனால் அது பிற்பாடு. அன்றைக்கு மத்தியானம் இன்னொரு சிக்கல் இருந்தது. உயிரை இனி எங்கே வைப்பது? அவள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால், பெட்டியையும் வண்டையும் இசக்கிமுத்து பார்த்துவிட்டார். மண்ணுக்கடியில் கிடைத்த எதையும் கேட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். இருவரும் ஸ்டோருக்குப் போனார்கள். நசுங்கின பாக்ஸ் அவள் கையில். சிங்காரவேல் இரண்டடி தள்ளியே நடந்தான்.

ஸ்டோர் கீப்பர் சோமசுந்தரம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"என்ன பொருள்?"

"செப்புப் பொட்டி ஒண்ணு. ஒடஞ்சது" என்றாள் ஆரோக்கியம்மாள். "இந்த டப்பாவுல ஒரு வண்டு."

"வண்டா?"

"பொட்டியோட வந்துச்சிங்க. ஒண்ணா வந்தத ஒண்ணாதான வெக்கணும்?"

சோமசுந்தரம் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றாகக் கிடைத்தவற்றைப் பிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தது. பதிவேட்டில் எழுதினார்: 'செப்புப் பெட்டி ஒன்று, பழுது. வண்டு ஒன்று, உயிருடன்.' ஒப்படைத்தவர் பெயர் என்ற இடத்தில் ஆரோக்கியம்மாள் கையெழுத்துப் போட்டாள். அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்கள்.

சிங்காரவேல் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஏங்க, இத யாராவது வந்து கேட்டா குடுத்துடுவீங்களா?"

சோமசுந்தரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"பொருள் வேணும்னு இண்டெண்ட் எழுதிப் போடணும். ஏழு கையெழுத்து வேணும். ஒண்ணு கொறஞ்சாலும், அந்த ஆண்டவனே வந்தாலும் ஒரு போல்ட்டு கெடைக்காது."

ஏழு. சிங்காரவேல் அந்த இரும்பு அலமாரிகளைப் பார்த்தான். வரிசை வரிசையாக, மலைமலையாக, உள்ளே போய்க்கொண்டே இருந்தன. கடல் வற்றிவிடுகிறது. மலை தேய்ந்துவிடுகிறது. இந்த மனுஷர் அப்படித் தெரியவில்லை. முதல் தடவையாக அவன் ஒருவருக்குக் கை கூப்பினான்.

வருஷம் பத்து ஓடியது. ஆரோக்கியம்மாள் பர்மனென்ட் ஆனாள், குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மகள் நர்ஸாகி வெளியூர் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிங்காரவேலுக்கு அங்கேதான் சாப்பாடு. சமையலறையில் ஒரு குண்டான் சோற்றோடு உட்கார்ந்துகொள்வான்.

1986இல் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"ஆரோக்கியம்மாள் வீடுங்களா? எம் பேரு கருணாகரன். புதுசா மாத்தலாகி வந்த எஞ்சினியர்."

"உக்காருங்க சார்."

"உட்கார நேரமில்லம்மா. இந்த இண்டெண்ட்ல ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஒப்படைத்தவர் கையெழுத்து."

ஆரோக்கியம்மாள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஆறு கையெழுத்து. ஆறு சீல். உள்ளே சோறு பிசைகிற சத்தம் நின்றது.

"எதுக்கு சார் இந்த வண்டு?"

"எங்க குடும்பத்துல ஒரு வேல பாதியில நிக்குதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. அவருக்கு அவங்க தாத்தா சொன்னதாம். பொட்டிய மூடும்போது உள்ள இன்னொண்ணு பிறாண்டிச்சு, அவசரத்துல விட்டுட்டோம்னு." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "கத மாதிரி இருக்கும். ஆனா பதிவேட்டுல பார்த்ததும் வந்துட்டேன். அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். எங்க அண்ணன் உசுரு."

கருணாகரன் சிரிப்பை நிறுத்தினார். சமையலறையிலிருந்து ஒரு நிழல் கூடத்துக்குள் வந்து, அவர் காலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஸ்கூட்டரையும் மூடிக்கொண்டு தெருவுக்குப் போனது. நண்பகல். சூரியன் உச்சியில் இருந்தது. அந்த நேரத்தில் யாருக்கும் அவ்வளவு நிழல் விழாது என்று எஞ்சினியருக்குப் படிப்பிலேயே தெரியும். மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்.

"அண்ணே, உக்காரு" என்றாள் ஆரோக்கியம்மாள், திரும்பிப் பார்க்காமல். "சோறு ஆறுது."

நிழல் கொஞ்சம் யோசித்தது. பிறகு சுருங்கி உள்ளே போனது.

"நான் கையெழுத்துப் போடல சார்" என்றாள் அவள். "நாளைக்கு வந்தாலும் போட மாட்டேன். உங்க பசங்களுக்கும் சொல்லிடுங்க. நான் போயிட்டா கையெழுத்துப் போட ஆளே இல்ல."

ஸ்கூட்டர் மூன்று உதையில் கிளம்பியது. ஆரோக்கியம்மாள் அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தாள். ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"மூக்கு எப்பிடி இருந்துச்சி?" என்று உள்ளேயிருந்து கேட்டான் சிங்காரவேல்.

"எடது பக்கம் கொஞ்சம் கோணல்."

"ம்" என்றான். "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து."